எமரென்சியாவுக்கு ஒரு மெட்டு

“நாப்பது பக்கம் எழுதி வச்சிருக்கான், அதுல எனக்கு மெட்டுன்னு சொல்லிக்கிறதுக்கு ஒரு வரி உண்டா? சொப்ரானோ மலை ஏறி எறங்குறா, டெனர் குறுக்க பூந்து ஓடுறான், பேஸ் அடியில நின்னு இடி இடிக்கிறான், நான் மட்டும் ரேஷன் கடை வரிசையில நிக்கிற மாதிரி ஒரே சுரத்துல நிக்கணும், நடுநடுவுல வாயை மூடிட்டு வேற நிக்கணும். எழுதின மனுஷனைக் கூட்டிட்டு வாங்க, மூஞ்சிக்கு நேரா நானே கேக்குறேன்.”

இதுதான் எமரென்சியா சொன்னது, ஒரு எழுத்துக் கூடாமல் குறையாமல். பின்னால் மேட்டுப்பேட்டையில் ஆளாளுக்கு இதைத் திருப்பிச் சொன்னபோது, அவள் ஆர்கன் பெட்டியைக் காலால் உதைத்தாள் என்றும், தலைவிரி கோலமாய்ச் சாபம் விட்டாள் என்றும், பக்தி கொஞ்சம் அதிகமாக உள்ளவர்கள் அவள் முழங்காலில் நின்று கண்ணீர் விட்டாள் என்றும் சேர்த்துக்கொண்டார்கள். அப்படியெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. குக்கரில் பருப்பை வைத்து மூன்று விசிலுக்கு மகளைக் காவல் போட்டுவிட்டுப் பாட்டுப் பயிற்சிக்கு ஓடிவந்த, ஐம்பதைத் தாண்டிய, கான்வென்டில் மதர் யூஜினிடம் பிரம்படி வாங்கி சுரம் படித்து, நாலு குரல் பாட்டில் சொப்ரானோவின் உச்சக் குரலுக்கு அடியில் ஆல்ட்டோ என்கிற கீழ்க்குரல் பாடுகிற ஒரு பெண், மூன்று ராஜாக்கள் கோயிலின் பாட்டு மாடியில் நின்று, பாடகர் குழுவை நடத்துகிற தன் புருஷனைப் பார்த்துச் சொன்னாள், அவ்வளவுதான்.

புருஷன் பெயர் தார்சிஸ். மின்வாரியத்தில் வேலை, ஞாயிற்றுக்கிழமைகளில் சங்கீதம். கோயில் கட்டி நூற்றைம்பது வருஷம் ஆகிற விழாவுக்கு ஆயர் என்கிற பிஷப் வருகிறார் என்றதும், பக்கத்துப் பங்கில் ஏதோ இத்தாலிக்காரனுடைய பூசைப் பாட்டைப் பாடிவிட்டார்கள் என்ற எரிச்சலில், பழைய பிரெஞ்சுச் சாமியாருடைய தகரப் பெட்டியைக் குடைந்து ஒரு லத்தீன் பூசைப் பாட்டைக் கண்டெடுத்திருந்தார். அட்டையில் ப்ரோகோப் ஹாவ்ரான் என்று பெயர். பொஹீமியாவில், அதாவது இப்போது செக் என்கிற நாட்டில், ஒரு சின்ன ஊரில் பள்ளிக்கூட வாத்தியாராகவும் கோயில் ஆர்கன்காரராகவும் இருந்து, பிரபு வீட்டு விருந்தில் பரிமாறிக்கொண்டே பிடில் வாசித்து, வருஷத்துக்கு ஒரு பூசையும் வருஷத்துக்கு ஒரு பிள்ளையுமாகப் பெற்றுப்போட்டுப் போய்ச் சேர்ந்த மனுஷன் என்று உள் பக்கத்தில் பொடி எழுத்தில் போட்டிருந்தது.

“அவரு செத்து இருநூறு வருஷத்துக்கு மேல ஆச்சு எமரென்சி, எங்க போய்க் கூட்டிட்டு வர்றது?” என்றார் தார்சிஸ்.

“செத்ததெல்லாம் ஒரு சாக்கா?” என்றாள் அவள்.

அடுத்த பயிற்சிக்கு அவர்கள் படியேறி வந்தபோது அந்த மனுஷன் ஆர்கன் முன்னால் உட்கார்ந்திருந்தார்.

பாட்டு மாடியின் மூலையில்தான் கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளை வருஷம் முழுக்கப் போட்டு வைப்பது, மூக்குடைந்த கஸ்பார் ராஜா, ஒரு கால் போன ஒட்டகம், எலி கடித்த வைக்கோல் என்று. அதனால் தார்சிஸ் முதலில் யாரோ புதிதாகச் சூசையப்பர் சுரூபம் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள் என்றே நினைத்தார். சாயம் போன நீலக் கோட்டு, பித்தளைப் பொத்தான்கள், முழங்காலோடு நின்றுவிட்ட கால்சட்டை, ஒட்டுப்போட்ட வெள்ளைக் காலுறை, மழையில் நனைந்த தேங்காய் நார் மாதிரி தலையில் ஒரு பொய்முடி. சுரூபம் திரும்பிப் பார்த்து, “சர்வேசுரனுக்குத் தோத்திரம் உண்டாவதாக, இந்த வாத்தியத்தினுள்ளே எலிகள் சம்சாரம் பண்ணுகின்றன” என்றது. அவர் பேசியது அந்தக் காலத்து ஜெபப் புத்தகத் தமிழ். எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. மோட்சத்தில் அந்தத் தமிழ்தான் பேசுவார்கள், அதை அச்சுப் போட்டவர்கள்தானே முதலில் அங்கே போனவர்கள் என்று பெரியவர்கள் சொன்னது எல்லாருக்கும் சரியாகவே பட்டது.

மேட்டுப்பேட்டையில் யாரும் ஆச்சரியப்பட்டார்கள் என்று சொல்ல முடியாது. செத்தவர் திரும்பி வருவதை வாரா வாரம் விசுவாசப் பிரமாணத்தில் ஒப்புக்கொள்கிற ஜனங்களுக்கு அதில் என்ன புதுமை? வந்தவர் எந்த அன்பியத்தில் சேர்த்தி என்பதுதான் தகராறு. தெருத் தெருவாகப் பங்கு மக்களைப் பிரித்து அன்பியம் அன்பியமாக வைத்திருந்தார்கள். பாட்டு மாடியின் முன் பாதி சந்தன மாதா தெருவைப் பார்த்தும் பின் பாதி அந்தோனியார் தெருவைப் பார்த்தும் இருந்ததால், ஆள் எங்களுக்கு என்று இரண்டு தெருவும் வரிந்துகட்டியது; சாப்பாடு போட வேண்டியிருக்கும் என்று தெரிந்ததும் உங்களுக்கு உங்களுக்கு என்று இரண்டு தெருவும் பின்வாங்கியது. பங்குப் பேரவை கூடியது. பங்குத்தந்தை வெனான்சியுஸ் சாமிக்கு வேறு கவலை: சாகும் நேரத்து அவஸ்தைப்பூசுதல் வாங்கி, அடக்கப் பூசையும் ஆகிவிட்ட ஒருவருக்கு நற்கருணை கொடுக்கலாமா, கொடுத்தால் அந்த அடக்கம் செல்லுமா, செல்லாதென்றால் அந்தக் காலத்துச் சாமியாருக்கு அவமானம் ஆகாதா. ஒரு பொழுது முழுக்கப் பேசி, அடக்கமும் செல்லும் ஆளும் செல்லும் என்று முடிவு பண்ணி, டீ குடித்துக் கலைந்தார்கள்.

காலைச் சாப்பாடு சந்தன மாதா, மத்தியானம் அந்தோனியார் என்று ஏற்பாடு. இட்லியைப் பார்த்ததும் அந்த மனுஷன் கண் கலங்கி, எங்கள் ஊர்க் கொழுக்கட்டை இத்தனை மெலிந்துபோயிற்றே என்றார், கறிக்குழம்பு கேட்டார். திங்கட்கிழமை காலையில் கறிக்குழம்பா என்று சந்தன மாதாத் தெருப் பெண்கள் முணுமுணுத்தார்கள், ஆனால் வைத்தார்கள், வைத்ததோடு எந்த வீட்டுக் குழம்பை வழித்து நக்கினார், எந்த வீட்டுக் குழம்பை மிச்சம் வைத்தார் என்று குழாயடியில் கணக்கும் வைத்தார்கள். ப்ரோகோப் என்ற பெயர் யார் வாயிலும் நுழையவில்லை. ஒரே வாரத்தில் அவர் பிரகாசம் வாத்தியார் ஆகிவிட்டார்.

ஆர்கனை அவரே பிரித்துப் போட்டு, தோல் ஷாப்பு வைத்திருக்கிற பொனிபாஸ் கொடுத்த ஆட்டுத்தோலையும் புளியங்கொட்டைப் பசையையும் கொண்டு துருத்தியை ஒட்டினார். அந்தத் துருத்தியைப் பின்னாலிருந்து ஒரு ஆள் மிதித்துக்கொண்டே இருந்தால்தான் ஆர்கனுக்கு மூச்சு, மிதிக்கிற கால் நின்றால் சத்தமும் நின்றுவிடும். இங்கேதான் விவகாரம் ஆரம்பித்தது. மேலே ஏறி வருகிறவர்களின் முகத்தை வாத்தியார் பார்ப்பதில்லை, காலைப் பார்ப்பார். பார்த்துவிட்டு, தலையைக்கூட நிமிர்த்தாமல், துருத்தி இருக்கிற பக்கமாக விரலை நீட்டுவார். கோயிலுக்குள் செருப்புப் போடாத ஊர் அது. வாசலிலேயே கழற்றிவிட்டு வருகிற ஜனம் அத்தனைக்கும் வெறுங்கால். டெனர் துருத்தி மிதித்தான், பேஸ் துருத்தி மிதித்தான், தலைமையாசிரியை துருத்தி மிதித்தார், கேள்வி கேட்க வந்த எமரென்சியாவும் வாயைத் திறப்பதற்கு முன்னால் துருத்தியில் நின்றுகொண்டிருந்தாள்.

பேரவை உபதலைவர் பொனிபாஸ் வந்தபோதுதான் சங்கதி விளங்கியது. அவர் மட்டும்தான் சர்க்கரை வியாதியைச் சொல்லிக் கோயிலுக்குள்ளும் வெள்ளை ஷூவோடு வருகிறவர். ஷூச் சத்தம் படியில் கேட்டதுமே வாத்தியார் துள்ளி எழுந்து, பொய்முடி தரையைத் துடைக்கிற அளவுக்குக் குனிந்து, “பிரபுவே, உத்தரவு” என்றார். பொனிபாஸுக்கு வீட்டில் மருமகன்கூட எழுந்து நிற்பதில்லை. கர்ச்சீப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, உட்காருங்க வாத்தியாரே என்றார். அன்றையிலிருந்து அவர் காலையும் மாலையும் மாடி ஏறினார், இறங்கி மறுபடி ஏறினார். அறையிலிருந்து ரப்பர் செருப்போடு அப்படியே ஏறிவந்துவிட்ட வெனான்சியுஸ் சாமிக்கு வாத்தியார் பாதி எழுந்து பாதியிலேயே உட்கார்ந்துவிட்டதை, சாமி வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை.

எமரென்சியாவுக்கு இது புரிய ஒரு துருத்தி நேரம் போதுமானதாக இருந்தது. அந்த ஆள் தேசத்தில் பிரபுக்களுக்குத்தான் ஜோடு, பண்ணையடிமைகளுக்கு வெறுங்கால். இருநூறு வருஷம் மண்ணுக்கடியில் கிடந்தும் அது மட்டும் மக்கவில்லை. அவள் வீட்டுக்குப் போய், பரணிலிருந்து தார்சிஸுடைய கல்யாண ஷூவை இறக்கி, முனையில் செய்தித்தாளைத் திணித்து, சேலைக்கடியில் மாட்டிக்கொண்டு, டக் டக் என்று படியேறினாள். வாத்தியார் எழுந்து நின்றார்.

“இப்ப சொல்லுங்க” என்றாள். “ஆல்ட்டோவுக்கு ஏன் மெட்டு இல்ல? அந்த வாய் மூடுற இடமெல்லாம் எதுக்கு?”

ஆல்ட்டோ என் பெண்சாதி லுட்மிலா, என்றார் அவர். எப்போதும் இடுப்பில் ஒரு பிள்ளை, ஆகையால் பிள்ளையைத் தோள் மாற்றவும் பால் கொடுக்கவும் தோதாக அங்கங்கே ஓய்வு எழுதி வைத்தேன், பிள்ளை பல் முளைக்கிற பருவமானால் ஓய்வு நீளமாயிருக்கும். இதை அவர் பெருந்தன்மையோடு, பதக்கம் காட்டுகிற மாதிரி சொன்னார்.

“பிள்ளையை நீங்க வாங்கி வச்சிருக்கலாமே.”

“என் கைகள் வாத்தியத்தின் மேலிருந்தன, அம்மணி.”

“சரி, அந்த மெட்டெல்லாம்? அதாச்சும் உங்களோடதா?”

அவர் காலுறையை இழுத்துவிட்டுக்கொண்டார். “அவள் மாடு கறக்கையில் பாடுவாள். நான் பலகணியண்டை நின்று எழுதிக்கொள்வேன்.”

“அதை அவ வாய்க்கே குடுக்கிறதுக்கு என்ன கேடு?”

“சொப்ரானோ காரியஸ்தருடைய குமாரத்தி. எங்களுக்குத் தானியம் அளக்கிறவர் காரியஸ்தர்.” இதில் விளங்காதது என்ன இருக்கிறது என்பது போல அவர் அவளைப் பார்த்தார்.

எமரென்சியா திரும்பித் தன் புருஷனைப் பார்த்தாள். தார்சிஸ் திடீரென்று பாட்டுத் தாள்களை மிகுந்த கவனத்தோடு அடுக்கிக்கொண்டிருந்தார். மேட்டுப்பேட்டையில் தேர் நகரும்போது ஊரே பாடுகிற திருவிழாப் பாட்டு, ‘இசை: தார்சிஸ்’ என்று அச்சுப் போட்டுக் கொடுக்கிற பாட்டு, எந்த வீட்டில், யார் துணி அலசும்போது, யார் வாயில் முனகலாக இருந்தது என்பது அந்த மாடியில் இரண்டு பேருக்குத்தான் தெரியும். அவள் மறுபடி ஆர்கன் பக்கம் திரும்பினாள்.

“எனக்கு ஒரு மெட்டு எழுதணும்” என்றாள் வாத்தியாரிடம். “ஆயர் வர்ற அன்னைக்கு, பூசையில, ஆல்ட்டோ மட்டும் தனியா. பின்னால ஒருத்தரும் கூடச் சேந்து பாடக் கூடாது.”

“உத்தரவு. ஆனால் லுட்மிலா போன பின்பு எனக்கு மெட்டு வருகிறதில்லை. நீர் மாடு கறக்கையில் என்ன பாடுவீர்?”

“நான் பாக்கெட் பால் வாங்குறவ. கிரைண்டர் ஓடுறப்ப எதையாவது முனகுவேன்.”

முனகச் சொன்னார். வெறுமனே வரவில்லை. கிரைண்டரின் அந்த ஒற்றை உறுமல் காதில் விழுந்தால்தான் அவளுக்கு மேலே சுரம் எழும்பும். அது இல்லாமல் எங்கே கால் வைப்பது என்று தெரியாது. அவர் உடனே ஆர்கனின் அடிக் கட்டையை மிதித்து, உளுந்து அரைபடுகிற அதே உறுமலைக் கொண்டுவந்தார், பின்னால் துருத்தியில் தார்சிஸ் நின்று மூச்சு வாங்க, எமரென்சியா கண்ணை மூடிக்கொண்டு முனகினாள். மாவு பொங்கி வருகிற மாதிரி மெதுவாக எழும்பி, விளிம்பு வரை வந்து, வழியாமல் அப்படியே நின்று, யாரோ கதவைத் தட்டினாற்போல் தணிந்து, பிறகு மறுபடி எழும்புகிற ஒன்று. அவர் இறகை மைக்கூட்டில் தொட்டுத் தொட்டு எழுதினார். செம்மறிப் பாட்டு, ஆக்னுஸ் தேயி, சாமியார் அப்பத்தைப் பிட்கிற நேரத்தில் பாடுவது, அதற்கு இது என்றார். தாளின் மேல் தலைப்பில் கொட்டை எழுத்தில் ப்ரோகோப் ஹாவ்ரான் என்று தன் பெயரைப் போட்டுக்கொண்டார். எமரென்சியா அதைப் பார்த்தாள். போகட்டும், முதலில் பாடிவிடுவோம் என்று விட்டுவிட்டாள்.

அதற்குள் ஷூ ரகசியம் ஊருக்குத் தெரிந்துபோனது. கடைத்தெருவில் ஷூ தீர்ந்தது. தீர்ந்தபின் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் ஷூவில் அப்பன்மார் காலை நுழைத்தார்கள், பாம்புக்குப் போடுகிற கம்பூட்ஸோடு ஒரு விவசாயி வந்தார், வாடகைக்கு ஷூ கொடுக்கிற கடை ஒன்று கோயில் வாசலிலேயே முளைத்தது. வருகிறவர்களை எல்லாம் வாத்தியார் எழுந்து நின்று கும்பிட்டார், கும்பிடப்பட்டவர்கள் எல்லாம் வந்ததற்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்று ஒரு பாட்டு கேட்டார்கள். வாத்தியார் யாருக்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை, அப்படி ஒரு சொல் அவருடைய ஜெபப் புத்தகத் தமிழில் இல்லை. பூப்புனித நீராட்டு விழாவுக்கு நாலு குரலில் ஒரு துதிப்பாடல் எழுதினார். வார்டு கவுன்சிலர் பிறந்தநாளுக்கு எக்காளம் வைத்து எழுதினார். ஜவுளிக்கடைத் திறப்புக்கு, சீட்டுக் கம்பெனி ஆண்டு விழாவுக்கு, நாய் காணாமல் போன வீட்டுக்கு எழுதினார். மாரியம்மன் கோயில் தர்மகர்த்தா பூட்ஸ் மாட்டிக்கொண்டு வந்து கேட்டபோது, நாதஸ்வரம் இரண்டும் ஒன்றை ஒன்று துரத்துகிற மாதிரி ஒன்று எழுதிக் கொடுத்தார், அதைக் கேட்டு சாமி ஆடுகிற பெண்மணி எந்தப் பக்கம் ஆடுவது என்று தெரியாமல் உட்கார்ந்துவிட்டார். கோயிலுக்குள் செருப்பு கூடாது என்று வெனான்சியுஸ் சாமி பிரசங்கம் வைத்தார். எல்லாரும் ஆமென் சொல்லிவிட்டு ஷூவோடு எழுந்து போனார்கள். அதற்கடுத்த வாரம் சாமியும் கறுப்பு ஷூவில் வந்து, வாத்தியாரை முழுசாக எழுந்து நிற்க வைத்து, பிரசங்கத்தை அதோடு நிறுத்திக்கொண்டார்.

விழா நெருங்கியபோது பொனிபாஸின் மகள் ஷெர்லின் மாடி ஏறினாள். அவள்தான் சொப்ரானோ. குதிகால் அவ்வளவு உயரம் உள்ள ஜோட்டை வாத்தியார் பிரபு வீட்டிலும் பார்த்ததில்லை. எழுந்து, அது போதாதென்று நுனிக்காலில் நின்றார். ஆன்ட்டிக்கு வயசாச்சு, மேல் சுரத்துல குரல் நடுங்குது, ஆயர் முன்னால பங்கு மானம் போகக் கூடாது, அதனால அந்தச் செம்மறிப் பாட்டை நான் பாடுறேன், அப்பாவும் அதைத்தான் விரும்புறாங்க, என்று அவள் சிரித்துக்கொண்டே சொன்னாள். வாத்தியார் உத்தரவு என்று சொல்ல வாயைத் திறந்துவிட்டார்.

ஆர்கனுக்குப் பின்னால் தாள் பொறுக்கிக்கொண்டிருந்த எமரென்சியா, திணித்த காகிதம் சரசரக்க நடந்து வந்து, இரண்டு பேருக்கும் நடுவில் நின்றாள். ஷெர்லினுக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டு கேட்டாள்.

“வாத்தியாரே, நீங்க செத்தப்ப உங்க பொண்டாட்டி அழுதாளா?”

“அவள் எனக்கு முந்திப் போய்விட்டாள்.”

“அவ அடக்கத்துக்கு யாரு பாடினா?”

அவர் பொத்தானைத் திருகினார். “சொப்ரானோ” என்றார்.

“அவ மேல சத்தியம் பண்ணுங்க. இந்த மெட்டு வேற யார் கைக்கும் போகாது, நான் பாடுறப்ப நீங்க வாசிப்பீங்கன்னு.”

பொய்முடியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டு, மயிரில்லாத தலையோடு அவர் சத்தியம் பண்ணினார். ஷெர்லின் படியில் இறங்கிப் போகிற சத்தம் கீழ்வரைக்கும் கேட்டது. அன்று சாயங்காலம் பொனிபாஸ் வந்து எல்லாச் சத்தமும் போட்டார், தோலைத் திருப்பிக் கொடு என்று துருத்தியைக்கூடக் கேட்டார். வாத்தியார் ஒவ்வொரு வார்த்தைக்கும் குனிந்து கும்பிட்டாரே தவிர மெட்டைக் கொடுக்கவில்லை. அவருடைய ஆயுசிலும் அதற்குப் பின்னாலும் அவர் யாரையும் மறுத்தது அந்த ஒரு தரம்தான், அதையும் குனிந்துகொண்டேதான் மறுத்தார். எமரென்சியா வீட்டுக்குப் போய், அரிசி ஊறியிருக்கிறதா என்றுகூடப் பார்க்காமல், சும்மா கிரைண்டரை ஓடவிட்டு அதன் முன்னால் நின்றாள்.

விழாவன்று காலையில் மேட்டுப்பேட்டையில் காலுள்ள அத்தனை பேரும் ஷூவோடு வந்தார்கள். மணியடிக்கிறவர் ஷூவில், பூக்கட்டுகிறவர் ஷூவில், சப்பரம் தூக்குகிறவர்கள் வழுக்கி வழுக்கி ஷூவில். கோயில் தரை முழுக்கக் குதிரை லாயம் மாதிரி சத்தம். ஆயருக்கு மட்டும் இந்தப் புதுநாகரிகம் தெரியாது. மேட்டுப்பேட்டை மக்கள் செருப்பை வாசலில் விடுகிற பயபக்தியுள்ளவர்கள் என்று யாரோ எப்போதோ சொல்லியிருந்ததை மனதில் வைத்து, காரிலேயே ஷூவையும் காலுறையையும் கழற்றி வைத்துவிட்டு, கோயிலுக்குப் பின்னால் சாமி வீட்டு வாசலில் இறங்கினார். அவர் சங்கீதப் பிரியர். குருமடத்தில் ஆர்கன் துருத்தி மிதித்தே பாதி நாளைக் கழித்தவர். பூசையை நீங்களே வையுங்கள், நான் மேலே ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன் என்று வெனான்சியுஸ் சாமியிடம் சொல்லிவிட்டு, இடுப்புக் கச்சை, சிலுவை எல்லாவற்றையும் சாமியின் அறையிலேயே வைத்துவிட்டு, வெறும் வெள்ளை அங்கியில், பின்பக்கப் படி வழியாக, சத்தமே இல்லாமல் மேலே வந்தார். கீழே பொனிபாஸும் பேரவையும் மாலையும் பொன்னாடையுமாக முன்வாசலில் கார் வரும் வழியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வாத்தியார் வந்தவரின் காலைப் பார்த்தார். அந்தக் கோயிலில் அன்றைக்கு இருந்த ஒரே வெறுங்கால். விரலைத் துருத்திப் பக்கமாக நீட்டினார்.

ஆயர் சிரித்துக்கொண்டே போய்த் துருத்தியில் ஏறினார். முதுகைக் காட்டிக்கொண்டு மிதிக்கிற கிழவரை யார் என்று பாடகர்கள் ஒருவரும் கவனிக்கவில்லை, துருத்தி மிதிக்கிற ஆளை யார் கவனிப்பார்கள்? பூசைப் பாட்டுகள் ஒவ்வொன்றாகக் கீரியே வந்தது, குளோரியா வந்தது, சாங்துஸ் வந்தது. ஆயர் மாதிரி இத்தனை சீராக அந்தத் துருத்தியை யாரும் மிதித்ததில்லை, ஆர்கனும் அப்படி ஒருநாளும் பாடியதில்லை, சுண்ணாம்பு உதிர்ந்தது, புறாக்கள் வெளியே போய்விட்டு, மனசு கேட்காமல் திரும்பி வந்தன. எமரென்சியா வழக்கம்போல் ஒரே சுரத்தில் நின்றாள், வாய் மூட வேண்டிய இடத்தில் வாயை மூடினாள். இப்போது அந்த ஓய்வுகளில் எல்லாம் யாரோ ஒருத்தி பக்கத்தில் நின்று பிள்ளையைத் தோள் மாற்றிக்கொண்டிருந்தாள். எமரென்சியா கொஞ்சம் தள்ளி அவளுக்கு இடம் விட்டாள். பரலோக மந்திரம் முடிந்து, சமாதானம் சொல்லி, ஷூக்கள் தேய ஒருவரை ஒருவர் கும்பிட்டுக்கொண்டார்கள். அவள் தாளை எடுத்தாள்.

பின்பக்கம் நின்ற காரில் ஷூ மட்டும்தான் இருக்கிறது என்று கண்டுபிடித்து, பதறிப்போய்க் கோயிலைச் சுற்றித் தேடிவிட்டு, பொனிபாஸ் அப்போதுதான் மாடி ஏறினார். ஆயரை ஆண்டவரே என்றுதான் கூப்பிடுவது. துருத்தியில் வேர்க்க விறுவிறுக்க நிற்கிறவரைப் பார்த்ததும் அவர் கடைசிப் படியிலேயே முழங்காலிட்டார்.

“ஆண்டவரே, உங்களை யாரு இதுல ஏத்துனது?”

ஆண்டவரே என்ற சொல் வாத்தியார் காதில் விழுந்தது. அவர் திரும்பி முதல் தடவையாக அந்த முகத்தைப் பார்த்தார், விரலில் கிடந்த ஆயர் மோதிரத்தைப் பார்த்தார், மறுபடி வெறுங்காலைப் பார்த்தார். அவர் காலத்தில் இதற்குக் கசையடி. கட்டையிலிருந்து கையை எடுத்து, பொய்முடியைக் கழற்றி ஆர்கன் மேல் வைத்து, குனிந்தபடியே, கும்பிட்டபடியே, முகத்தைக் காட்டியபடி பின்பக்கமாக நடந்து, கஸ்பார் ராஜாவுக்கும் ஒட்டகத்துக்கும் நடுவில் பின்வாங்கிப் பின்வாங்கிப் போனார். அந்த இடத்தில் ஒரு முழத்துக்கு மேல் ஆழம் கிடையாது. அவர் போய்க்கொண்டே இருந்தார்.

அவரை யாரும் பார்க்கவில்லை, எமரென்சியாவைத் தவிர. மற்ற அத்தனை பேரும் ஆயரைச் சூழ்ந்துகொண்டார்கள். டெனர் நாற்காலி போட்டான், பேஸ் விசிறினான், ஷெர்லின் தன் துப்பட்டாவால் ஆயர் பாதத்தைத் துடைத்தாள், பொனிபாஸ் கையில் இருந்த பொன்னாடையை அவர் தோளில் போட்டு, சோடா வாங்கி வர ஆள் விட்டு, தன் வெள்ளை ஷூவைக் கழற்றி அவர் காலில் மாட்டப் பார்த்தார். தார்சிஸ் கூட்டத்துக்குப் பின்னால் எக்கி எக்கி நின்று, இந்த விழாவின் இசை அமைப்பாளர் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ள ஒரு இடைவெளி தேடிக்கொண்டிருந்தார். நல்லாத்தானே இருந்தது, நான் மிதிக்கிறேன், விடுங்க என்று ஆயர் சொன்னது யார் காதிலும் விழவில்லை. துருத்தி கடைசி மூச்சை விட்டுவிட்டு மடங்கியது.

கீழே வெனான்சியுஸ் சாமி அப்பத்தைக் கையில் உயர்த்திப் பிடித்து, பிட்கத் தயாராக, பாட்டு மாடியை அண்ணாந்து பார்த்தபடி காத்திருந்தார். கோயில் முழுக்கக் காத்திருந்தது. ஷூக்கள்கூட அசையவில்லை.

எமரென்சியா தன் புருஷனுடைய கல்யாண ஷூவை ஒவ்வொன்றாகக் கழற்றி ஒட்டகத்துக்குப் பக்கத்தில் வைத்தாள். வெறுங்காலோடு கைப்பிடி அருகில் வந்து நின்று, தாளைப் பிரித்துப் பிடித்தாள்.

“ஏங்க,” என்றாள் திரும்பாமல், “எனக்குச் சுரம் குடுங்க.”

விசிறுகிற சத்தம் கேட்டது. சோடா உடைகிற சத்தம் கேட்டது.

“யாராச்சும் சுரம் குடுங்க.”